காவஸ்ஜியின் மூக்கு: நெற்றித் தோலால் மூக்கு கட்டிய 1793 பூனா அறுவை பற்றிய நிகழ்வு ஆய்வு

நோயாளி

காவஸ்ஜி, மராட்டியர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் மாடு ஓட்டும் வேலையில் இருந்தவர். 1792ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிறைப்பட்டார். மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டன. போரில் மூக்கை அறுப்பது அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் மதுரைக்கும் மைசூருக்கும் நடந்த சண்டையை மூக்கறுப்புப் போர் என்றே வரலாறு சொல்கிறது.

ஏறக்குறைய 12 மாதம் மூக்கில்லாமல் இருந்த காவஸ்ஜிக்கு, பூனாவுக்கு அருகே செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். பம்பாய் மாகாணத்து மருத்துவர்கள் தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே இருவரும் இந்த அறுவை முறையைக் கண்ணால் பார்த்தவர்கள். அறுவை முடிந்து 10 மாதம் கழித்து, 1794 ஜனவரியில், ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் நோயாளியை நேரில் வைத்து வரைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில், பி. எல். என்று மட்டும் கையெழுத்திட்ட ஒரு கடிதமாக முழு விவரமும் வெளியானது.

அந்தக் கடிதம் சிறியது. ஆனால் அளவெடுத்தது முதல் கட்டுப் பிரித்தது வரை வரிசையாக எழுதப்பட்டிருப்பதால், அதை ஒரு கேஸ் ஷீட்டாகவே எடுத்துக்கொண்டு படிக்கலாம். அப்படிப் படித்தால் ஒன்று தெளிவாகும். மூக்கின் மேல்தோலை எங்கிருந்து, எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்விக்குப் பூனாவிலேயே சரியான விடை கிடைத்துவிட்டது. மூக்கின் உள்பக்கத்துக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் அப்போது விடை இல்லை. இன்றைக்கும் கட்டிய மூக்கு ஒன்று கெட்டுப்போனால், பெரும்பாலும் காரணம் அந்த இரண்டில் ஒன்றுதான்.

செய்த அறுவை

மெல்லிய மெழுகுத் தகடு ஒன்றை மிஞ்சியிருந்த அடிமூக்கின்மேல் வைத்து, நல்ல மூக்கின் வடிவம் வரும்வரை அழுத்திச் சரிசெய்தார்கள். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டார்கள். மெழுகை எடுத்துவிட்டு, கோட்டுக்குள் இருந்த தோலைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காமல் விட்டார்கள். புதுத் தோலும் பழைய இடமும் ஒட்டும்வரை ரத்த ஓட்டத்தைக் காப்பது அந்தத் துண்டுதான் என்று கடிதமே சொல்கிறது.

அடுத்து, அடிமூக்கில் இருந்த பழைய தழும்பைச் சீவி எடுத்தார்கள். அந்தப் பச்சைப் புண்ணுக்குப் பின்னால், இரண்டு மூக்கு மடல்களும் இருந்த இடத்தைச் சுற்றி, மேலுதடு வரை ஒரு கீறல் போட்டார்கள். நெற்றித் தோலை அரைச்சுற்றுத் திருப்பிக் கீழே இறக்கி, அதன் விளிம்பை இந்தக் கீறலுக்குள் செருகினார்கள். தையல் போடவில்லை. வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணிக் கீற்றுகளில் தடவி, ஐந்தாறு கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பொருத்தை நிலைநிறுத்தினார்கள். 4 நாள் வேறு எந்த மருந்தும் இல்லை. பிறகு அவற்றை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. முதல் 5, 6 நாள் நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். 10ஆம் நாள் மூக்குத் துவாரங்களில் மெல்லிய துணியை வைத்தார்கள். ஏறக்குறைய 25ஆம் நாள், கண்களுக்கு நடுவே விட்டிருந்த துண்டை அறுத்தார்கள். ஈதர் மயக்கம் உலகுக்குத் தெரிந்தது 1846இல். காவஸ்ஜி விழித்தபடியேதான் இத்தனையையும் தாங்கினார்.

ஏன் பிழைத்தது

தோலை உடம்பிலிருந்து முழுக்கத் துண்டித்து இன்னோர் இடத்தில் வைத்தால் அது தோல் ஒட்டு. புது இடத்திலிருந்து ரத்தம் ஏறினால்தான் அது பிழைக்கும். தனக்கு ரத்தம் தரும் காம்போடு சேர்த்தே தோலைப் பெயர்த்துக் கொண்டுவந்தால் அது ஃபிளாப். மூக்கின் அடியில் வெறும் துவாரம் இருக்கும்போது தோல் ஒட்டு வேலைக்காகாது. கீழிருந்து ரத்தம் தர அங்கே சதையே இல்லை. ஃபிளாப்தான் வழி.

நெற்றியின் நடுப்பகுதிக்கு ரத்தம் தருவது முக்கியமாகச் சுப்ராட்ரோக்ளியர் தமனி. முகத்தின் நடுக்கோட்டிலிருந்து 1.7 முதல் 2.2 செ.மீ. தள்ளி, கண்குழியின் மேல்விளிம்பில், புருவத்தின் உள்முனைக்கு அருகே வெளியே வருகிறது. முதலில் தசைக்கு அடியில் ஓடும். புருவத்துக்கு மேலே ஏறியதும் தசையைத் துளைத்து, மேல்நெற்றியில் தோலுக்குச் சற்றே கீழே வந்துவிடும். மூக்கின் வேரில் இது கண்ணோரத்துக் குறுந்தமனிகளோடு பின்னிக்கொள்கிறது. பூனாவில் விட்ட துண்டு சரியாக இந்தப் பின்னலின்மேல் விழுந்தது. புருவத்துக்கு மேலே, நெற்றிப் பொட்டு வைக்கும் இடத்திலேயே தோலைத் துண்டித்திருந்தால் நுனி கறுத்துப் போயிருக்கும்.

25 நாள் என்பதும் ஊகத்தில் விழுந்த எண் அல்ல. ஃபிளாப்பின் விளிம்பும் அடிப்பக்கமும் புது இடத்திலிருந்து ரத்தக்குழாய்களைப் பெற 2 முதல் 3 வாரம் ஆகும். இன்று அறுவையாளர்களான நாங்கள் காம்பை வெட்டுவதும் 3 வாரத்துக்குக் குறையாமல்தான். பழைய தழும்பைச் சீவியதற்கும் காரணம் உண்டு. தழும்பில் ரத்தக்குழாய் குறைவு, அதன்மேல் எது வைத்தாலும் ஒட்டுவது மெதுவாகும். காசுக்கட்டியின் துவர்ப்பு கசிவைச் சுருக்கி, துணியைக் காய்ந்த அச்சுபோல இறுக்கிவைத்தது. நெய் துணியைப் புண்ணில் ஒட்டவிடாது. இன்றைய பாரஃபின் துணியும் அதையேதான் செய்கிறது. வடிவத்தைக் காயத்தின்மேல் செய்து நெற்றிக்கு மாற்றிய மெழுகின் இடத்தில், இப்போது தையல் நூல் வரும் உறையின் தகட்டை வைத்துக்கொள்கிறோம்.

எதில் குறை

மூக்கு மூன்று அடுக்கு. வெளியே தோல், நடுவே எலும்பும் குருத்தெலும்பும், உள்ளே ஈரமான மெல்லிய உள்ளுறை. பூனாவில் வெளி அடுக்கு மட்டுமே கட்டப்பட்டது. கீழிறங்கிய நெற்றித் தோலின் அடிப்பக்கம் மூக்குக்குள் பச்சைப் புண்ணாகத் திறந்து கிடந்தது. திறந்த புண் சுருங்கியே ஆறும். அது சுருங்கும்போது மூக்கு மடலை மேலே இழுக்கும், துவாரத்தை இறுக்கும், நுனியைக் குறுக்கும். 10ஆம் நாள் துவாரத்தில் துணி வைத்தது இந்தச் சுருக்கத்தை எதிர்த்துத்தான். வேல்ஸ் வரைந்த படத்தில் 10 மாதத்துக்குப் பிறகும் மூக்கு நல்ல வடிவத்தில் நிற்கிறது. அந்த அறுவையாளரின் கைத்திறனுக்கு அதுவே சாட்சி.

லண்டனில் அறுவையாளர் ஜோசப் கார்ப்யூ இதே முறையைப் பிணங்களில் பழகி, 1814இல் தொடங்கி இருவருக்குச் செய்தார். பாதரச மருந்தால் மூக்கை இழந்த ஒரு ராணுவ அதிகாரிக்கு முதலில், ஸ்பெயினில் நடந்த அல்பூவேராப் போரில் வாள்வெட்டுப் பட்ட இன்னோர் அதிகாரிக்குப் பிறகு. 1816இல் அதை வெளியிட்டதும் இந்திய முறை ஐரோப்பா முழுக்கப் பரவியது. பரவிய வேகத்திலேயே, உள்ளுறை இல்லாத மூக்குகள் சுருங்கிக் கூம்பிப் போவதையும் அங்கிருந்தவர்கள் பார்த்தார்கள். மிஞ்சிய தோலை உள்பக்கம் திருப்பி உள்ளுறையாக்கும் யோசனை 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது அந்த அனுபவத்திலிருந்துதான்.

இதே காயம் இன்று வந்தால்

மூக்கின் கீழ்ப்பாதி முழுவதும் போன, தழும்பு முற்றிய காயம். ஒரே நாளில் முடிக்கும் வேலை அல்ல. மூன்று அறுவை, அவற்றுக்கு நடுவே 3 முதல் 4 வார இடைவெளி, அதன்பின் திருத்தங்கள். புகைபிடிப்பவர் குறைந்தது 3, 4 வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். நிகோட்டின் சுருக்கும் குறுந்தமனிகள்தான் ஃபிளாப்பின் நுனியைக் கொல்பவை. புற்றுக்காக அகற்றிய மூக்கு என்றால், விளிம்புகளில் புற்று இல்லை என்று நோய்க்குறியியல் அறிக்கை வரும்வரை கட்டக்கூடாது. ஃபிளாப்புக்கு அடியில் மிஞ்சிய புற்று வெளியே தெரியாமல் பரவும்.

முதலில் தழும்பை அறுத்து, இழுபட்டுக் கிடக்கும் உதடு, கன்ன ஓரங்களை அவற்றின் பழைய இடத்துக்குப் போகவிடுவோம். அப்போதுதான் காயத்தின் உண்மையான அளவு தெரியும். பார்க்கும்போது சின்னதாகத் தெரிந்த காயம் இந்தக் கட்டத்தில் பெரிதாகிவிடும். தழும்போடு அளவெடுத்துக் கட்டிய மூக்கு எப்போதும் சின்னதாகவே முடியும்.

அறுவையாளர்கள் பர்கெட், மெனிக் இருவரும் மூக்கின் மேற்பரப்பைப் பிரித்து 1985இல் வகுத்த அலகுகளின்படி வெளித்தோலைத் திட்டமிடுகிறோம். மூக்குத்தண்டு, நுனி, இரண்டு துவாரங்களுக்கும் இடையிலுள்ள நடுத்தூண் ஆகியவை ஒவ்வொன்று. பக்கச்சுவர், மூக்கு மடல், மடலுக்கும் நுனிக்கும் இடையிலுள்ள மென்முக்கோணம் ஆகியவை இரண்டிரண்டு. ஆக 9. நுனியிலோ மடலிலோ பாதிக்குமேல் போயிருந்தால், மிஞ்சியதையும் எடுத்துவிட்டு அந்த அலகை முழுதாக மாற்றுவது நல்லது. நல்ல தோலை ஏன் வெட்ட வேண்டும் என்று வீட்டார் கேட்பார்கள். தழும்பு அலகுகளின் எல்லைக் கோட்டில், இயல்பான நிழல் விழும் இடத்தில் ஒளிந்துகொள்ளும் என்பதே விடை. நடுவே ஒட்டுப் போட்டதுபோல் நிற்கும் தோலைத்தான் எதிரே உட்கார்ந்தவரின் கண் முதலில் பிடிக்கும்.

உள்ளுறை. இதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். சின்னக் குறை என்றால் நெற்றி ஃபிளாப்பின் நுனியையே நீட்டி எடுத்து உள்ளே மடித்துவிடலாம். வெளித்தோலும் உள்ளுறையும் ஒரே துண்டாகிவிடும். முற்றிய தழும்பு விளிம்பு இருந்தால், அதைக் கதவுபோல உள்பக்கம் புரட்டலாம். ஆனால் புரட்டும் தோல் 1 செ.மீ.க்கு மேல் நீளும்போது ரத்தம் குறையும். மூக்கின் இடைச்சுவர் நன்றாக இருந்தால், மேலுதட்டுத் தமனியிலிருந்து அதற்கு ஏறும் கிளையை நம்பி, சளிப்படலத்தைப் பெயர்த்து மடலுக்கு உள்ளுறையாகக் கொண்டுவரலாம். அந்தக் கிளை முன்மூக்கு எலும்பு முள்ளுக்கு அருகே நுழைகிறது. அங்கே கத்தி பட்டால் ஃபிளாப் போனதுதான். காவஸ்ஜியின் அளவுக்குப் போன மூக்குக்கு இவை எதுவும் போதாது. முன்கையிலிருந்து ரேடியல் தமனியோடு மெல்லிய தோலை எடுத்து, முகத்து ரத்தக்குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் இணைத்து உள்ளுறையாக்குவதே நம்பகமான வழி.

சட்டம். மூக்கு மடலில் இயற்கையாகவே குருத்தெலும்பு இல்லை. ஆனாலும் கட்டிய மடலில் கட்டாயம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் சுருங்கும் தழும்பு விளிம்பை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். காது மடலின் குழிவான குருத்தெலும்பு இதற்கு ஏற்றது, அதன் வளைவே மடலின் வளைவு. இடைச்சுவரிலிருந்து எடுத்தால் முன்னும் மேலும் குறைந்தது 1 செ.மீ. அகல ‘எல்’ வடிவச் சட்டத்தை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் மூக்குத்தண்டு சேணம்போல் உள்வாங்கும். முழு மூக்குக்கு விலாக் குருத்தெலும்புதான். நடுவிலிருந்து சமமாகச் செதுக்கி, உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு, எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்த பிறகே பொருத்த வேண்டும். அவசரப்பட்டுப் பொருத்திய விலாத் துண்டு சில மாதத்தில் மூக்கை ஒரு பக்கம் கோணலாக்கிவிடும்.

வெளித்தோல். ரத்த ஓட்டத்தை ஒலியாகத் தரும் டாப்ளர் கருவியால் தமனியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, காம்பின் அகலத்தை 1.2 முதல் 1.5 செ.மீ.யாக வைக்கிறோம். அகலம் கூடினால் ரத்தம் கூடும் என்று தோன்றும், ஆனால் அகலக் காம்பு திருப்பும்போது மடிந்து சிரையை நெரிக்கும். நீளத்தை ஊகிக்கக்கூடாது. ஒரு காஸ் துணிக் கீற்றின் ஒரு முனையைப் புருவத்தின் உள்முனையில் விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நடுத்தூணின் அடிவரை இழுத்து, பிறகு அதே கீற்றை நெற்றிக்கு மேலே திருப்பிப் பார்க்க வேண்டும். கீற்று தலைமுடிக்குள் போனால் காம்பைக் கண்குழி விளிம்புக்குக் கீழே இன்னும் சற்று இறக்கலாம். அதுவும் போதாவிட்டால் முடியுள்ள தோலையும் சேர்த்தே எடுத்து, வேர்களைப் பின்னால் அகற்றலாம். நீளம் போதாத ஃபிளாப்பை இழுத்துத் தைப்பது எல்லாவற்றிலும் மோசம்.

தகட்டு வடிவத்தை நெற்றியில் வைக்கும்போது திருப்பிவைக்க வேண்டும். இதில் இடவலம் மாறிப்போவது நடக்கக்கூடியது, ஆகவே கத்தி வைக்குமுன் தகட்டை ஒருமுறை கீழே இறக்கி மூக்கில் பொருத்திப் பார்ப்பது கட்டாயம். மேல்நெற்றியில் தொடங்கி, தசையோடு சேர்த்து, எலும்பை மூடிய மெல்லிய எலும்புறையை நெற்றியிலேயே விட்டுவிட்டுப் பெயர்க்கிறோம். புருவத்தை நெருங்கும்போது கத்தியை விட்டு, மழுங்கிய கருவியால் மெதுவாகப் பிரிக்க வேண்டும்.

நெற்றிக் காயத்தின் கீழ்ப்பகுதி இழுத்துத் தைத்தால் மூடிவிடும். மேலே 3, 4 செ.மீ.க்கு மேல் அகலம் இருந்தால் இறுக்கி மூட முயலக்கூடாது. எலும்புறை ஈரம் காயாமல் மருந்துத்துணி போட்டு வந்தால் சில வாரங்களில் தானாக ஆறும். தோல் ஒட்டுப் போட்டு மூடிய நெற்றியைவிட இப்படி ஆறிய தழும்பு பார்க்க நன்றாகவே இருக்கும்.

முதல் 48 மணி நேரம்

தலையை 30 பாகை உயர்த்திய படுக்கை. காம்பின் பச்சைப்பக்கம் கசிந்துகொண்டே இருக்கும், பாரஃபின் துணியைத் தளர்வாகச் சுற்றினால் போதும். இறுக்கிச் சுற்றிய கட்டே காம்பை நெரித்துவிடும். மூக்குக் கண்ணாடி அணியக்கூடாது.

நிறம் பார்ப்பதில் நம் ஊர்த் தோலுக்குத் தனிக் கவனம் வேண்டும். வெளுத்த தோலில் நீலம் பளிச்சென்று தெரியும், கறுத்த தோலில் தெரியாது. நுனியை விரலால் அழுத்தி விட வேண்டும். 2 விநாடிக்கும் குறைவாகச் சட்டென்று நிறம் திரும்பி, தொட்டால் தளும்பினால் சிரை அடைபட்டிருக்கிறது. திரும்பவே இல்லை, குளிர்ந்து கிடக்கிறது என்றால் தமனி. சந்தேகம் வந்தால் மெல்லிய ஊசியால் ஒரு குத்து. பளீர் சிவப்பாகச் சொட்டு நிதானமாக வந்தால் நல்லது. கறுஞ்சிவப்பாக வேகமாக வழிந்தால் சிரைத்தடை. ஒன்றும் வராவிட்டால் உடனே தையலைத் தளர்த்தி, காம்பு முறுக்கியிருக்கிறதா, அடியில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். காலைவரை காத்திருந்தால் நுனி போய்விடும். சிரைத்தடை தையலைத் தளர்த்தியும் தீராவிட்டால் ரத்தம் உறிஞ்சும் மருத்துவ அட்டைப்பூச்சிகள் உதவும்.

இரண்டாம், மூன்றாம் கட்டம்

நெற்றித் தோல் மூக்குத் தோலைவிடத் தடிப்பு. முதல் அறுவையிலேயே மெலிதாக்கினால் நுனி ஆபத்துக்கு உள்ளாகும். அதனால் முழுத் தடிப்போடு வைத்து, 3, 4 வாரத்துக்குப் பின், காம்பை வெட்டாமலே, தோலை 2, 3 மி.மீ. கொழுப்போடு மட்டும் தூக்கி, அடியில் உள்ள தசையையும் கொழுப்பையும் செதுக்குகிறோம். மடலின் பள்ளம், நுனியின் மேடு எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் உருவாகும். குருத்தெலும்பு போதாத இடத்தில் சேர்ப்பதும் இப்போதே. மூன்று கட்ட முறையின் பலமே இந்த நடுக்கட்டம். சின்ன, மேலோட்டமான குறைக்கு இரண்டு கட்டம் போதும். உள்ளுறையும் கட்ட வேண்டியிருந்தால், அல்லது நோயாளி புகைபிடிப்பவர் என்றால், மூன்று கட்டமே பாதுகாப்பு.

இன்னும் 3, 4 வாரம் கழித்துக் காம்பை வெட்டும்போது, அதை முழுநீளமும் நெற்றிக்குத் திருப்பி வைக்கத் தேவையில்லை. புருவத்தின் உள்முனை பழைய இடத்துக்கு வர எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் சிறு முக்கோணமாக வைத்துவிட்டு மீதியை எறிந்துவிடலாம். புருவங்களுக்கு நடுவே உள்ள தூரம் இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறதா என்று அளந்தபிறகே தையல்.

கன்னத் தோல்

பழங்கால இந்திய மருத்துவர் சுஸ்ருதர் சொல்வது நெற்றியை அல்ல, கன்னத்தை. மூக்கின் அளவுக்கு இலையை நறுக்கி, அதன்படி கன்னத்தில் காம்போடு தோலைப் பெயர்த்து ஒட்டி, துவாரங்களில் குழல் வைக்கச் சொல்கிறார். கன்ன ஃபிளாப்புக்கு இன்றும் இடம் உண்டு, மூக்கு மடலில் 1.5 முதல் 2 செ.மீ.க்குள் உள்ள குறைக்கு. வட்டமான இந்த ஃபிளாப் ஆறும்போது ஓரத் தழும்பு சுருங்கி நடு உப்பிக்கொள்ளும். அடியில் உள்ள தழும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத்தான் தட்டையாக்க முடியும். ஆண்களுக்குத் தாடி வளரும் தோலைத் தவிர்த்துக் குறிக்க வேண்டும். நுனியிலோ மூக்குத்தண்டின் கீழ்ப்பகுதியிலோ 1.5 செ.மீ.க்கு உட்பட்ட குறைக்கு, அருகிலுள்ள மூக்குத் தோலையே இரண்டு இதழாக நகர்த்தும் முறை எளிது. முழு மூக்குக்கு நெற்றிக்கு மாற்று இல்லை.

திருத்தங்கள்

காம்பு வெட்டிய பிறகு 4 முதல் 6 மாதம் எதையும் தொடாமல் விட வேண்டும். வீக்கம் வடியாமல் தோலை மெலிதாக்கினால் மறுபடி தடிக்கும். அதுவரை துவாரங்களில் சிலிக்கோன் குழல், பகலில் எடுத்துவிட்டாலும் இரவில் கட்டாயம். மூக்கில் முளைக்கும் முடிக்கு லேசர். மடலுக்கும் கன்னத்துக்கும் நடுவே பள்ளம் வராவிட்டால், பழைய தழும்பின் வழியே திறக்கக்கூடாது. எதிர்ப்பக்கப் பள்ளத்தை அளந்து, பள்ளம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே புதிதாகக் கீறி, இரண்டு பக்கமும் அடித்தழும்பைச் செதுக்கி, தோலைக் கீழே அழுத்தித் தைத்தால் பள்ளம் நிலைக்கும்.